மாதாவோடு ஊர்வலம் போன செடி

அந்தச் செடியின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. எண்பத்துமூன்று மாசியில் கண்டிப் பக்கம் கருவாடு விற்கப் போன என் புருஷன், ஒரு பால்மா டின்னுக்குள் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே சுமந்து கொண்டுவந்தார். அப்போது அதில் ஒரே ஒரு இலை.

"இதுக்கு வெயில் ஆகாதாம். வீட்டுக்குள்ளையே வளருமாம். நீ மெஷினிலை இருக்கேக்கை பாத்துக்கொண்டு இருக்கலாம்" என்றார்.

நான் தையல்காரி. குருநகரில் எங்கள் வீட்டு ஹோலில், வடக்கு ஜன்னலுக்குக் கீழே மெஷின் இருந்தது. அதற்குப் பக்கத்தில் செடியைச் சட்டிக்கு மாற்றி வைத்தோம்.

எண்பத்தைந்தில் ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. நேவி சுட்டது என்றார்கள் சிலர், பிடித்துக்கொண்டு போனது என்றார்கள் வேறு சிலர். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. காணாமல் என்ன கதை? நான் கறுப்பு உடுக்கவில்லை. செத்தவருக்குப் பூசை கொடுப்போம் என்று வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். கார்த்திகை இரண்டாம் நாள், மரித்தோர் திருநாளில், ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைக் கழுவி மெழுகுதிரி கொளுத்தும். நான் கதவைச் சாத்திவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பேன். அவர் வருவார். வந்தால் செடி எங்கே என்று கேட்பார். கேட்கும்போது அது உயிரோடு இருக்கவேண்டும். எனக்கு அந்த ஒரு எண்ணம்தான்.

குருநகரில் இலைச்செடி வளர்ப்பது விசர் வேலை. கிணற்றுத்தண்ணீர் உவர், இரண்டு நாள் ஊற்றினால் இலையின் ஓரம் கருகிப் பப்படம் போல் நொறுங்கும். ஆகவே குழாயடியில் வரிசையில் நின்று பிடித்த குடிதண்ணீரில் ஒரு செம்பு அதற்கு. கடற்காற்று கொண்டுவரும் உப்புப் படியாமல் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கவேண்டும். வெளிச்சம் வேண்டும், வெயில் படக்கூடாது. ஒரு பக்கம் சாயாமல் கிழமைக்கு ஒருமுறை சட்டியைத் திருப்பிவைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒரு குருத்து சுருட்டுப் போல எட்டிப் பார்க்கும். பிறகு அது சுளகு அகலத்துக்கு விரியும், கரும்பச்சையில் வெள்ளை நரம்போடு. ஊரில் அப்படி இலை ஒருவர் வீட்டிலும் இல்லை.

அதுதான் வினையாகப் போயிற்று.

ஐப்பசி, அதாவது ஒக்டோபர், செபமாலை மாதம். மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாக எங்கள் பகுதி முழுக்கச் சுற்றிவரும். சோடனையில் ஒரு வீட்டை மற்ற வீடு வெல்லவேண்டும் என்று ஒரு போட்டி வேறு. செபமாலைக் கூட்டத்தை நடத்தும் அக்கா, என் புருஷன் காணாமல் போன மறுவருடம் வந்து, தன் வீட்டுக்கு மாதா வருகிற அன்று மட்டும் செடியைத் தரச்சொல்லிக் கேட்டா. கொடுத்தேன். அதற்கடுத்த வருடம் கேட்காமலே இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். மாதா எந்த வீட்டுக்குப் போனாலும் செடியும் போகும் என்பது சட்டமாகிவிட்டது.

முப்பத்தொரு வீடு! திரும்பி வரும்போது இலைகளில் மெழுகு உறைந்திருக்கும். தண்டில் ஜிகினாக் கம்பி இறுகியிருக்கும். மண்ணுக்குள் பிளேன்டீச் சக்கையும் நெருப்புக்குச்சியும். ஒரு வருடம் எல்லா இலையும் வழவழவென்று இருந்தது. யாரோ ஒரு மகராசி, குத்துவிளக்குத் துடைக்கிற மாதிரி, மினுங்கட்டும் என்று தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறா. எண்ணெயில் தூசி ஒட்டி, இலை மூச்சு முட்டி, மூன்று இலை பழுத்து விழுந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தைக் கழுவினேன்.

எண்பத்தொன்பதில் ஏழு இலை நின்றது. எட்டாவது குருத்து அப்போதுதான் சுருள் அவிழ்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி முதலாம் நாள் காலையிலேயே அக்கா, தூக்குவதற்கு இரண்டு ஆம்பிளைகளோடு வந்துவிட்டா. நான் சட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"இந்த முறை தரமாட்டன்."

"மாதாவுக்குக் குடுக்க மனமில்லையே பிள்ளை?"

"மாதா எப்ப அக்கா இலை கேட்டவ? நீங்கள்தானே கேக்கிறியள்."

"உதென்ன கதை? வெறும் இலைதானே. பூவோ காயோ? உதைப் பூட்டி வைச்சு என்ன செய்யப்போறாய்?"

வெறும் இலை. எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. எதைச் சொன்னால் இவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று தேடினேன், கிடைத்தது.

"உது என்ரை மனுசன்ரை கல்லறை! கல்லறையைக் கிண்டித் தூக்கிக்கொண்டு வீடு வீடாய்த் திரிவியளோ?"

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, ஆம்பிளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனா. நல்லாய்க் கொடுத்தேன் என்று எனக்குப் பெரிய சந்தோஷம். அன்றைக்கு இரண்டு சட்டை கூடவே தைத்தேன்.

என் வீட்டு முறைக்கு மாதா வந்த அன்றும் ஒருவரும் செடியைத் தொடவில்லை. அதன் பக்கமாகப் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கார்த்திகை இரண்டு. பின்னேரம் மெஷினில் இருந்தேன். கதவில் தட்டினார்கள். திறந்தால், சேமக்காலையிலிருந்து நேரே வந்த சனம், முப்பது நாற்பது பேர், கையில் மெழுகுதிரியும் மாலையுமாக வாசலிலிருந்து ஒழுங்கை முனை வரைக்கும் நிற்கிறது. முன்னுக்கு அக்கா, அழுதழுது முகம் வீங்கி.

"நீ வாய் திறந்து சொல்லுற வரைக்கும் நாங்கள் எப்பிடிப் பிள்ளை வாறது? நாலு வருஷமாய் அவருக்கு ஒரு திரி கொளுத்த ஏலாமல் கிடந்து துடிச்சனாங்கள்" என்று என்னைக் கட்டிப்பிடித்தா.

அதற்குள் சனம் உள்ளே வந்துவிட்டது. சட்டியின் விளிம்பைச் சுற்றி மெழுகுதிரிகளை ஒட்டினார்கள். இடம் போதாமல் நிலத்திலும் நட்டார்கள். தண்டில் மாலை விழுந்தது. புது இலை நெருப்புக்கு மேலே சுருளத் தொடங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்குமாறை எடுத்து எல்லோரையும் அடித்துத் துரத்த வேண்டும் போல இருந்தது. யாரை அடிப்பது? அவர் செத்தார் என்று நேவி சொல்லவில்லை, பங்குச் சுவாமி சொல்லவில்லை, இந்தச் சனம் சொல்லவில்லை. ஒரு வாய்ச்சண்டையில் வெல்லுவதற்காக நான்தான் சொன்னேன்.

அக்கா முழந்தாளிட்டு மன்றாட்டைத் தொடங்கினா. அவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய ஆத்துமம் இளைப்பாற வேண்டும் என்றா. எல்லோரும் "ஆமென்" என்றார்கள். சின்ன வயதிலிருந்து பழகின வாய், நானும் சொன்னேன்.