தண்ணீர் ஏறும் ஊரில் ஒரு ராத்திரி

போன வாரம் ஒரு மதியம், சாப்பிட்ட கையோடு தென்னை மரத்தடியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன். விழித்துப் பார்த்தால்... என் கயாக் படகைக் காணோம்.

நான் இருந்தது ஒரு குட்டித் தீவில். கொல்லம் பக்கம், காயல் என்கிற உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தில் இப்படி நிறையத் தீவுகள் உண்டு. தோப்புக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போயிருந்தேன். தனியாக.

ஏன் தனியாக? எங்கள் ராஜபாளையத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. பதில் ரொம்பச் சின்னது — பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் தனியாக இருந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பால்கோவா வாங்கி வரவே எங்கள் வீட்டில் துணைக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். ஐம்பது வயது ஆகப்போகிறது. எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் நழுவிவிட்டார். "உங்க அண்ணன்ட்ட கேட்டுக்கோ."

அண்ணன் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலையில் தன்னந்தனியாகக் காவல் நின்ற மனிதர். தங்கை தண்ணீரில் தனியாகப் போனால் மட்டும் ஆகாது. ஒரு மாதம் நச்சரித்தேன். கடைசியில் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"கரையில ஒரு படகுக்காரர் நம்பர் தாரேன். ஆபத்துன்னா போன் போடு, ஓடி வருவாரு. ஆனா ஏட்டி, ஒரு தடவ போட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும். பொறவு தனியாப் போற பேச்சே இருக்கக் கூடாது."

சரி என்றேன். காற்றடிக்கிற கயாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, ஐப்பசி மழையில் நிறைந்த கண்மாயில் துடுப்புப் போட்டுப் பழகினேன். கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏக்கா, மீனு எம்புட்டு மாட்டுச்சு?"

கண்மாயில் பழகியதுதான் வினை. அங்கே கயாக்கைக் கரையில் இழுத்துப் போட்டால், போட்ட இடத்தில் கிடக்கும். மழை பெய்யாமலே தண்ணீர் ஏறும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? தீவிலும் அதே மாதிரி இழுத்துப் போட்டேன். கட்டவில்லை. நான் தூங்கும்போது கடல் ஏறி வந்து, எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அதோ... ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது. மெல்ல நகர்கிறது. என் கையில் போன். சிக்னலும் இருக்கிறது.

அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. ஒரே ஒரு போன் — அதோடு ஆயுளுக்கும் துணையோடுதான் என் நடமாட்டம்.

தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தேன். கடல் பக்கம் என்றால் சத்தியமாகப் போன் போட்டிருப்பேன். வீம்புக்கு உயிரை விட நான் தயாரில்லை. கயாக் உள்பக்கம்தான் போனது, அடுத்த தீவைப் பார்த்து. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

நான் கிணற்றில் நீச்சல் படித்தவள். கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். இங்கே கை ஓய்ந்துபோகும் வரை எதுவும் வரவில்லை. உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. மிதந்தேன், மூச்சு வாங்கினேன், மறுபடி நீந்தினேன். அடுத்த தீவின் அலையாத்திச் செடிகளில் சிக்கி நின்றது கயாக். நல்லவேளை, துடுப்பு உள்ளேயே கிடந்தது; ஏறி என் தீவுக்கே திரும்பினேன்.

அன்று இரவு கயாக்கைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டுத் தனியாகப் படுத்தேன். பயமாகத்தான் இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகம்.

ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு அண்ணன் பைக்கில் வந்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது.

"இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். இனிமே தனியாப் போக வேண்டாம்."

"மார்கழியில மறுபடி போறேண்ணே."

"யாரக் கேட்டு?"

"கேக்கலண்ணே. சொல்லுதேன்."

என் பையை வாங்கி வண்டியில் மாட்டினார். பிறகு, "டிக்கெட்ட இப்பவே போட்டு வையி. சபரிமலைக்குப் போற சாமிமாரு கூட்டத்துல எடம் கெடைக்காது" என்றார்.

நம் வீடுகளில் அனுமதி இப்படித்தான் கிடைக்கிறது — கேட்பதை நிறுத்திய பிறகு.