இத்தாலியிலிருந்து வந்த கட்டுகள்

கற்பிட்டிக்குப் போகும் வீதியில், கடல்நீர்க் களப்போரமாக இருந்த ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். ஆலங்குடா ஹோட்டல்களிலிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் வரும். உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் எண்ணெய்க் கேன்களும் பழைய வலைகளும் வரும். பெண்கள் நாங்கள் வட்டமாக அமர்ந்து மூடி வேறு, லேபல் வேறு என்று பிரிப்போம். பிறகு கழுவிக் காயவைத்து, இயந்திரத்தில் நொறுக்கிச் சாக்கில் கட்டினால் அது கொழும்புக்குப் போகும். ஊரில் சிலர் எங்களைக் குப்பை பொறுக்குகிறவர்கள் என்றார்கள். நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. எங்கள் கையால் கட்டிய சாக்கு அழுக்கென்று திரும்பி வந்ததே கிடையாது.

எங்களில் மூத்தவரை எல்லோரும் ராத்தா என்போம். அவர் புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண். அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் முதலாளியும் நின்று கேட்பார். முதலாளி சைக்கிளில் ஊர் ஊராகப் போத்தல் சேர்த்து அந்தப் பட்டறையைப் போட்டவர். கெட்ட மனிதர் அல்ல.

என் அக்கா அப்போது இத்தாலியில் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பூசை முடிந்து வந்து, போனில் தன் சமையலறையைக் காட்டினாள். கடதாசிக்கு ஒரு வாளி, கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் நிறத்தில் ஒன்று. யோகட் கோப்பையைக்கூடக் கழுவித் துடைத்துத்தான் போடுவாளாம். “நீயும் நானும் ஒரே வேலைதான் பாக்குறம்” என்று சிரித்தாள். அன்று முழுவதும் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் பெரிய லொறி ஒன்று வந்தது. கம்பியால் இறுக்கிக் கட்டிய, ஆளுயரக் கட்டுகளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. கொழும்பு வியாபாரி ஒருவர், வெளிநாட்டில் வீடுகளில் பிரித்தெடுத்த நல்ல பிளாஸ்டிக் என்று சொல்லித் தந்ததாக முதலாளி சொன்னார். ராத்தா ஒரு கட்டின் கம்பியை வெட்டினார். உள்ளே நல்ல போத்தல்களும் இருந்தன. அவற்றோடு ஊசிப்போன இறைச்சி ஒட்டிய தட்டுகள், புழு நெளியும் பைகள், குழந்தைகளின் அழுக்கு நெப்கின்கள். இரண்டு பேர் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தார்கள்.

ஒரு பால் போத்தலில் இருந்த எழுத்து, அக்காவின் சமையலறையில் பார்த்தது போல இருந்தது. அதைப் படமெடுத்து அனுப்பினேன். அவள் உடனே அழைத்தாள்.

“இது எங்கட பக்கத்துப் பால்தான். நான் வாங்குறதும் இதுதான். நான் கழுவித்தானேடி போடுறன்.”

“ஓம் அக்கா, நீங்க கழுவுறீங்க. கழுவாத ஆக்கள்ட குப்பையோட சேத்துத்தான் இங்க அனுப்புறாங்க” என்றேன்.

போனை வைத்துவிட்டு நான் அதை மற்றவர்களிடம் சொன்னதும் எல்லோரும் ராத்தாவைப் பார்த்தார்கள். அவர் கைகளை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு முதலாளியிடம் போனார்.

“மொதலாளி, எங்கட ஊர் அழுக்க நாங்க கழுவுவம். அது நாங்க போட்டது. இது வேற ஊருட அசுத்தம், நஜீஸ். இத எங்களுக்குத் தொட ஏலாது.”

முதலாளி தலையைச் சொறிந்தார். அப்படியென்றால் பின்னால் தோண்டியிருந்த கிடங்கில் போட்டுக் கொளுத்திவிடுவோம் என்றார். அந்தக் காற்றுக்குப் புகை எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து மீன்வாடியில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் எங்கள் வீடுகள். நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. எங்கள் போத்தல் சாக்குகளை இழுத்துக்கொண்டு போய், கட்டுகளுக்கும் கிடங்குக்கும் நடுவில் கொட்டி, அங்கேயே வட்டமாக அமர்ந்து வழக்கமான வேலையைப் பார்த்தோம். நாற்றத்துக்கு முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டோம். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம் இருந்தது; ஆனாலும் எழும்பத் தோன்றவில்லை. மறுநாளும் அப்படியே இருந்தோம். கருவாட்டு வாடிப் பெண்கள் எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார்கள்.

முதலாளி பல தரம் வந்து பார்த்தார். திரும்பிப் போனார். கடைசியில் எங்கள் முன்னால் நின்றபடியே வியாபாரிக்குப் போன் எடுத்தார். அந்த மனிதர் எரித்துவிடச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளியின் குரல் உயர்ந்தது. என்னுடைய ஆட்கள் இதைத் தொட மாட்டார்கள், எரிக்கவும் விட மாட்டார்கள், லொறியை அனுப்பு என்று சிங்களத்தில் சொன்னார். ‘என்னுடைய ஆட்கள்’ என்று அவர் சொன்னபோது ராத்தா தலையைக் குனிந்துகொண்டு ஒரு மூடியைத் திருகினார். குனிந்தபடியே அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

லொறி வந்தது. வெட்டிய கட்டில் சிதறியிருந்தவற்றைத் தடியால் தள்ளிச் சேர்த்து, பழைய வலையால் மூடி, நானே கம்பி முறுக்கினேன். அதன் பிறகு அவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியம் இருக்கிறது, இப்படிப்பட்டவை அங்கே நிறையக் கிடக்கின்றன என்று டிரைவர் சொன்னார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. நான் அனுப்பிய படங்களோடு தன் ஊர் நகரசபை அலுவலகத்துக்குப் போனாள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். நாங்கள் குப்பையைச் சேர்த்து ஒரு கம்பனியிடம் கொடுக்கிறோம், கம்பனி இன்னொரு கம்பனிக்கு விற்கிறது, கப்பலில் ஏறிய பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்களாம். “தெரியாட்டி நான் சொல்றன், என்ட தங்கச்சிட காலடிக்குத்தான் வருது என்டு சொன்னன்” என்றாள். இத்தாலி பாஷையில் அவள் அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டேன். பூசைக்கு வரும் நம்மவர்களிடமும் படங்களைக் காட்டியிருக்கிறாள். இப்போது அவள் கண்ணாடிப் போத்தல் பால்தான் வாங்குகிறாள். அது கனம், மாடிப்படி ஏறக் கஷ்டம் என்று மட்டும் குறைப்படுவாள்.

பட்டறையில் முதலாளி ஒரு சட்டம் வைத்தார். எந்த லொறி வந்தாலும் ராத்தா ஒரு சாக்கைப் பிரித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மற்றதை இறக்கலாம். ராத்தா வராத நாட்களில் அந்த வேலை எனக்கு. முதல் தடவை ஒரு டிரைவர், பிரித்துப் பார்க்க நீ யார் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்பே முதலாளி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, “அவ சொன்னாத்தான் எறக்கலாம்” என்றார்.