இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் அறைக் கதவில், பணியாளர் பிரிவு என்ற பொருளில், ‘பர்சனல்’ என்று பலகை தொங்கியது. பிறகு அதைக் கழற்றி ‘ஹியூமன் ரிசோர்ஸ்’ என்று மாட்டினார்கள். இப்போது ‘பீப்பிள் அண்ட் கல்ச்சர்’. பலகைதான் மாறியதே தவிர, கதவுக்கு உள்ளே நடப்பது என்னவோ பழைய கதைதான். லீவு பாரம், டாக்டர் தரும் எம்சி சீட்டு, தொழிற்சாலை பஸ் ஏன் தாமதம் என்ற சண்டை. மலாக்காவில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு இதற்கு மேல் என்ன பண்பாடு வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறியாமையைப் போக்க கோலாலம்பூரிலிருந்து ஒரு புதிய தலைவி வந்தார். நம் தமிழ்ப் பெண்தான், கெட்டிக்காரர். வந்த வாரமே எங்கள் பிரிவு முழுவதையும் கிளேபாங்கில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். “இனிமே நாம லீவு பார்க்கிற டிபார்ட்மென்ட் இல்ல. பிசினஸோட ஸ்ட்ராட்டஜிக் பார்ட்னர்” என்றார். நாங்கள் கை தட்டினோம். அந்தப் பயணத்தில் உருப்படியாக இருந்தது ரோட்டோரக் கடையில் குடித்த தேங்காய் ஷேக் ஒன்றுதான். திரும்பி வந்தபோது என் பதவியின் பெயர் நீண்டிருந்தது. சம்பளம் நீளவில்லை.

முதல் வியூகம், ‘ஸ்டே இன்டர்வியூ’. அதுவரை வேலையை விட்டுப் போகிறவர்களிடம்தான் காரணம் கேட்போம். அவர்களும் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நேரே பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போவார்கள். இனிமேல் போவதற்கு முன்பே கூப்பிட்டு, ஏன் இன்னும் இருக்கிறீர்கள், என்ன நடந்தால் போவீர்கள் என்று கேட்க வேண்டுமாம். பேக்கிங் பகுதியில் பெரும்பாலும் நம் பெண்கள். “நீங்க பேசினா மனசு விட்டுப் பேசுவாங்க” என்று அந்தப் பகுதியை என் தலையில் கட்டினார் தலைவி.

நம் ஆட்களுக்கு ஆபீசிலிருந்து கூப்பிட்டு விட்டால் ஒரே அர்த்தம்தான் என்பது கோலாலம்பூரில் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. ரப்பர் தோட்டத்துக் காலத்திலிருந்து எவரையும் பாராட்டுவதற்காக ஆபீசுக்குக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சீட்டைக் கிழிக்கத்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் நான் அழைத்தது செர்காமிலிருந்து வரும் ஓர் அக்காவை. பேக்கிங் பகுதியின் பழைய ஆள். பெரிய மேனேஜர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் சும்மா பேசலாம்க்கா, ஃபிரீயா வாங்க” என்றேன். அந்த ‘சும்மா’தான் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. கூடவே கணவர். அவருக்குப் பின்னால் அக்காவின் அண்ணன். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டியில் இருக்கிறவர், நாலு இடத்தில் பேசத் தெரிந்தவர். பெண் கேட்கப் போனாலும் போலீஸ் நிலையத்துக்குப் போனாலும் பேசுவதற்கு ஆளைக் கூட்டிப் போவதுதானே நம் வழக்கம். அண்ணன் முழுக்கைச் சட்டையில், ஆரஞ்சுப் பழப் பையுடன் வந்திருந்தார். மனிதவள வியூகத்துக்கு நாற்காலி போதவில்லை. பக்கத்து அறையில் இரவல் வாங்கினேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். “தம்பி, தங்கச்சி ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா நம்மளுக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாம்லா. சூராட் கீராட்டெல்லாம் வேணாம்.”

வேலைநீக்கக் கடிதத்தைச் சொல்கிறார். நான் பதறிப்போனேன். “ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லண்ணே. அக்கா ஏன் இன்னும் இந்த வேலையில இருக்காங்கன்னு தெரிஞ்சிக்கத்தான் கூப்பிட்டேன்.”

கணவரின் முகம் செத்துப்போனது. யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்திருக்கும்போது, இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் நாமும் அப்படித்தான் ஆவோம். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த கேள்வி அது. அச்சடித்த அட்டையில் சிரிக்கும் முகம் போட்டு வைத்திருந்தார்கள்.

அடுத்த கேள்வியைக் கேட்டேன். வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தால் போவீர்களா? அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முந்திக்கொண்டார். “எங்க தம்பி போவும்? அதுக்கு வேற போக்கிடம் கிடையாது. இந்த கிலாங்தான் எல்லாம்.”

“நான் எங்கயும் போமாட்டேன் தம்பி” என்றார் அக்கா. “பஸ்ஸு வீட்டுக்கிட்டயே வருது. வேற என்னா கொறை எனக்கு?”

கிலாங் என்று அவர்கள் சொன்ன அந்தத் தொழிற்சாலையின் சார்பில் நான் நெகிழ்ந்துபோனேன். “அக்கா வேலைக்கு நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்தேன். மூவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். விஷயம் பரவி, மற்ற பெண்களும் மாமா, சித்தப்பாவுடன் வந்து இதையே சொன்னார்கள். எழுதி எழுதி என் கை வலித்தது.

தலைவி எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வண்ணம் தீட்டினார். போய்விடக் கூடியவர்களுக்குச் சிவப்பு, அடித்து விரட்டினாலும் போகாதவர்களுக்குப் பச்சை. பேக்கிங் பகுதி வயல் மாதிரி பச்சையாக இருந்தது. இந்த விசுவாசத்துக்கு ஏதாவது நல்லது செய்வார்கள் என்று நான், இத்தனை வருட அனுபவம் உள்ளவன், உண்மையாகவே நம்பினேன்.

செய்தார்கள். நல்ல சம்பளம் கிடைத்தால் நாளைக்கே கிளம்புவோம் என்று முகத்துக்கு நேரே சொன்ன சிவப்பு இன்ஜினியர்களுக்கு அலவன்ஸ் கூடியது. பச்சைக்காரர்கள் எப்படியும் வருவார்கள் என்பதால் செர்காம் பஸ் நின்றது.

“மேடம், பஸ் இருக்கிறதாலதான் அவங்க வர்றாங்க” என்றேன்.

“போக்கிடம் இல்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்களே. நீங்கதானே எழுதினீங்க?” என்று கேட்டார். நான் விடாமல் பேசவும், “நீங்க இன்னும் பழைய பர்சனல் ஆபீசர் மாதிரியே யோசிக்கிறீங்க” என்று முடித்தார். என் உத்தியோக வாழ்க்கையில் கிடைத்த ஒரே பாராட்டு அது. அவர் திட்டுவதாக நினைத்துக்கொண்டார்.

பஸ் நின்ற திங்கட்கிழமை நல்ல மழை. நான் கேட் பக்கம் கூரைக்கடியில் போய் நின்றேன். தங்கா பத்துவிலிருந்து காரில் வந்தவன் நான், காலணிகூட நனையவில்லை. அக்கா கணவரின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி மழைக்கோட்டை உதறினார். கால்சட்டை முழங்கால் வரை ஈரம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

“பஸ் விஷயத்துல எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்க்கா” என்றேன்.

“பஸ்ஸு போனா போவுது தம்பி. வேல இருக்குல்ல, அது ஒங்களாலதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்காதீங்க. அன்னிக்கு நீங்க கேட்டீங்கள்ல, வேற எடத்துல கெடைச்சா போவீங்களான்னு? அப்பவே ஒரு கிலாங்ல கூப்பிட்டிருந்தாங்க. சம்பளம் இதவிட கூட, வேன் வீட்டு வாசலுக்கே வரும்னாங்க. அண்ணந்தான் சொல்லாதன்னு கண்ணக் காட்டிடுச்சி. நீங்க அவ்ளோ மரியாதையா ஒக்கார வச்சிப் பேசறப்ப அதப் போயி எப்படிச் சொல்றது? பொறுப்புன்னு வேற சொல்லிட்டீங்க. மறுநாளே அவங்ககிட்ட வரலன்னுட்டேன்.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவ்வளவு பயிற்சியும் நடந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் சிவப்பு. பஸ்ஸை நிறுத்த எவருக்கும் தைரியம் வந்திருக்காது. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

“அந்த எடத்துல இன்னும் ஆள் எடுக்கறாங்களாக்கா?” என்று கேட்டேன்.

அக்காவின் கையில் மழைக்கோட்டு பாதி மடிப்பில் நின்றது.

“ஏன் தம்பி, என்னைய நிப்பாட்டப் போறீங்களா?”