போன் நிறையப் பெருமாள்

மேற்குத் தாம்பரம் லோகநாயகிக்குப் பல்லி பயம், கேஸ் சிலிண்டர் பயம், பாங்கிலிருந்து போன் வந்தால் பயம். மழை என்றால் கேட்கவே வேண்டாம். நாவலூரில் பெண் ஸ்நேகாவைப் பார்க்கப் போன கணவர் தோத்தாத்ரி, கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

“அப்பா எப்பவோ கிளம்பிட்டாரேம்மா, இன்னும் வரலையா?” என்று ஸ்நேகா போனில் கேட்டதும் லோகநாயகி டிவியைப் போட்டாள். அவர் வரும் வழியில், பள்ளிக்கரணைப் பக்கம் சாலை எது, சதுப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

அப்போதுதான் பார்த்தாள். அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அழுத்தினாள், திறக்கவில்லை. போனில் இடமில்லையாம்.

இடம் எப்படி இருக்கும்? அதுவே ஸ்நேகா கழித்துப் போட்ட போன். தோத்தாத்ரிக்கு ஒரு பழக்கம். விடிந்ததும் ஹாலில் உட்கார்ந்தபடியே, சமையலறையில் நிற்கிற மனைவிக்கு ஒரு பெருமாள் படம் அனுப்புவார். காபி ஆச்சா என்று அதற்கு அர்த்தம். சாமி படத்தை அழித்தால் பாவம் என்று லோகநாயகி ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. வருஷக்கணக்காக வந்த பெருமாள்கள் ஏகாதசிக் கூட்டம் மாதிரி உள்ளே நெரிந்துகொண்டிருந்தார்கள்.

கோலம் வீடியோக்களை அழித்தாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பேரன் ஹர்ஷாவின் மொட்டைத் தலைப் படங்களையும் அழித்தாள். போதவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு கீழ் வீட்டு ருக்ஸானாவிடம் ஓடினாள்.

ருக்ஸானா எட்டிப் பார்த்தாள். “சாமி படம்தான் அடைச்சுக்கினு கீது அக்கா. அதைத் தூக்கினாத்தான் ஆவும்.” ஆனால் நீட்டிய போனை அவள் வாங்கவில்லை. “உங்க சாமியை நான் எப்படி அழிக்கிறது? நீங்களே அழுத்துங்க.”

லோகநாயகிக்கு விரல் வரவில்லை. அவர் எந்தத் தண்ணீரில் நிற்கிறாரோ. அவரைக் காப்பாற்று என்று யாரிடம் கெஞ்சுகிறாளோ அந்தப் பெருமாளையே அழிப்பதா? இந்த நேரத்திலா? கடைசியில் எல்லாவற்றையும் அழித்தாள்.

அப்போதும் மெசேஜ் திறக்கவில்லை.

“அழிச்சதெல்லாம் குப்பைத் தொட்டிலதான் இருக்கும். அதையும் காலி பண்ணணும் அக்கா.”

“குப்பையிலயா?” என்றாள் லோகநாயகி. திறந்து பார்த்தால் நிஜமாகவே அங்கே இருந்தார்கள். திருப்பதி, ஸ்ரீரங்கம், காஞ்சிபுரம், வரிசையாக. என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பெருமாளே, முதல்ல அவர் ஆத்துக்கு வரட்டும். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

மெசேஜ் திறந்தது. முதலில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“லோகா, வண்டி நின்னுடுத்து. யாரோ புண்ணியவான் ஆத்து மாடியில ஏறி நின்னுண்டிருக்கேன். சார்ஜ் போகப்போறது. பயப்படாதே. உன் போன்ல இது திறக்குமோ என்னவோ. அந்தப் பெருமாள் படத்தையெல்லாம் அழிச்சுடு, ஒண்ணும் ஆகாது. நான் வேற அனுப்பறேன்.”

லோகநாயகி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். ருக்ஸானா பக்கத்தில் உட்கார்ந்து அதை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

பயம் போய்விடவில்லை. தண்ணீர் மாடி வரைக்கும் ஏறினால்? விடிந்தும் அவரைப் பற்றித் தகவல் இல்லை. பாலைக்கூடக் காய்ச்சாமல் போனையே பார்த்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தாள்.

டிங் என்றது. ஸ்ரீரங்கத்துப் பெருமாள், தோத்தாத்ரியிடமிருந்து. தடையில்லாமல் சட்டென்று திறந்தார்.

லோகநாயகி பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.