அம்மா அடித்த நான்கு எழுத்துகள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையாக இருந்தது. எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், கரமனையில் அம்மா கூட்டித் துடைக்கும், கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் டி.டி.பி. கடைக்கு நானும் போவேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும் என்பதால், உள்ளறைக் கம்ப்யூட்டரில் சற்று நேரம் உட்காரக் கடைக்கார மலையாளச் சேச்சி சம்மதித்திருந்தார்.

அம்மாவின் பெயருக்கு நான்கு எழுத்து. அவை கீபோர்டில் எந்தக் கட்டைகளில் இருக்கின்றன என்று காட்டிக்கொடுத்திருந்தேன். தினமும் வேலை முடிந்ததும் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அடிப்பாள். திரையில் வந்த பெயரைக் கொஞ்சநேரம் பார்ப்பாள். பிறகு தானே அழித்துவிடுவாள்.

ஒரு நாள் அப்படி அடித்துவிட்டு வாளியைக் கழுவப் போனாள். அதன்பின் நான் ஆடிச் சலித்த ஒரு விளையாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினேன். நடுவில் ஒரு கேள்வி வந்தது. இந்த ஃபைல் பல புரோகிராம்களுக்குப் பொதுவானது, இப்போது எதுவும் இதைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அழிக்கலாமா? அழித்தால் வேறு ஏதாவது ஓடாமல் போகலாம் என்றும் எழுதியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரிந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற பெருமையில் ‘எல்லாவற்றுக்கும் ஆம்’ என்பதை அழுத்தினேன்.

சேச்சி வந்து கல்யாணப் பத்திரிகையைத் திறக்கப் பார்த்தார். ஒரு ஃபைலைக் காணவில்லை என்று சொல்லிப் புரோகிராம் நின்றுவிட்டது. நாலு மணிக்கு அதை வாங்கப் பெண்வீட்டார் வந்துவிடுவார்கள்.

“ஆரா இதில தொட்டது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாளியோடு வந்து நின்றாள். “நாந்தான் சேச்சி. பேரு அடிச்சுப் பாத்தேன்.”

“பேரோ? தூத்துத் தொடச்சா போராதா நினக்கு? இது சரியாகலேன்னா நாளைக்கு நீ வரவேண்டா, கேட்டோ.”

நான் அம்மாவின் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

ரிப்பேர்காரர் வந்தார். காணாமல் போன ஃபைலை முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபிளாப்பியில் எடுத்துவந்து போட்டார். உடனே இன்னொன்று இல்லை என்றது. அதைப் போட்டால் அடுத்தது. ஒன்று ஃபிளாப்பியிலேயே கெட்டுப்போய் மறுபடி எடுத்துவந்தார். ஒவ்வொரு பெயராகத் திரையில் வர வர, நான் ‘ஆம்’ என்று அழித்தவை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“பேரு அடிச்சதுக்கா அம்மா, இத்தனை பேரும் ஓடிப்போனாங்க?” என்று அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தபடி கதவோரம் நின்றாள்.

ஆறாவது ஃபைலுக்குப் பிறகு பத்திரிகை திறந்தது. அம்மாவின் வேலை போகவில்லை. ஆகவே எதுவும் கெடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் பெயரை அடிக்கக் கூப்பிட்டேன். “வேண்டாம் மக்ளே, நீ அடி. நான் தொட்டா கெட்டுப்போவும்” என்றாள். சேச்சிக்குப் பயந்து சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது. அம்மா அதைத் தூசி தட்டுவதுகூட இல்லை. அன்று அந்த ஃபைல்களை அழித்தது நான்தான் என்று போன மாதம் அவளிடம் சொன்னேன். “எனக்காகப் பொய் சொல்லாத. நீ படிச்ச பிள்ளைல்லா, தப்பா அமுக்குவியா?” என்றாள்.

அன்றே சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள் என்பது, எல்லாவற்றையும் வாசிக்கத் தெரிந்த எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.