நத்தாருக்கு முதல்நாள் பிறந்த அக்கா

2007ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் ஒரு ஐரிஷ்காரர். இளம் வயதில் கடல் கடந்து வந்து, கட்டட வேலை செய்தே முதுமையை எட்டியவர். மனைவி இறந்துவிட்டார்; பிள்ளைகள் இல்லை. பெரிய பேச்சுக்காரர். ஆனால் ஒரு நாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது.

அவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்துவிட்டார்களாம். பிழைப்பது நிச்சயமில்லை என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். "அதற்கு முதல் என் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும். உன் கணினியில் ஆட்களைத் தேடலாமாமே?" என்று கேட்டார்.

அக்கா அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அவர் சிறுவன். பிறகு தாய் இறந்து, ஊர் வீடு கைமாறி, இவரும் லண்டனில் அறை அறையாக மாறியதில் தொடர்பு அறுந்துபோனது. கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

நான் தேடத் தொடங்கினேன். பழைய குடிசனக் கணக்கெடுப்புகள், தேவாலயங்களின் கோயிற்பற்றுப் பதிவுகள், கப்பல் பயணிகளின் பட்டியல்கள் எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தன. கப்பல் பட்டியலில் அக்காவின் பெயரைக் கண்டதும் இருப்புக் கொள்ளாமல் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கைநுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வேகத்தில், குடும்ப வரலாறு தேடுவோர் கூடும் ஒரு தளத்தில் அவருடைய பெற்றோரின் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் போட்டு, 'லண்டனில் தம்பி தேடுகிறார்' என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன்.

அடுத்த வாரம் அமெரிக்காவில் இறந்தோரின் பதிவுகளுக்குள் தேடினேன். அதே பெயர். பிறந்த ஆண்டும் அதே. கப்பல் போய்ச் சேர்ந்த அதே மாநிலம். இறந்து பல வருடங்கள்.

எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. யுத்தம் நடக்கும் எங்கள் ஊரிலிருந்து தொலைபேசி அடித்தாலே நெஞ்சு பதறிப் பழகியவள் நான். கெட்ட செய்தியைக் கேட்கத் தெரியும்; அதைச் சொல்கிற இடத்தில் ஒருபோதும் நின்றதில்லை.

"இப்ப ஒண்டும் சொல்லாதையும். ஒப்பரேசன் முடியட்டும், பிறகு பாப்பம்," என்றார் கணவர்.

"அவர் கேட்டா? முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு ஏலாதப்பா."

"அப்ப முகத்தைக் காட்டாதையும்."

அப்படியே செய்தேன். குப்பைத்தொட்டியை வெளியே வைப்பதற்குக்கூட அவருடைய திரைச்சீலையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதாக முன்பே சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி இருக்கும் டூட்டிங்குக்குப் போகும் வழியில், காரில், அவரே தொடங்கினார்.

"செத்துப்போய்விட்டாள், அப்படித்தானே? உன் கண் சொல்கிறது."

காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. "பிறந்த தேதி என்ன போட்டிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஜூன் மாதம் என்றேன்.

"அவள் பிறந்தது நத்தாருக்கு முதல்நாள், டிசம்பர் இருபத்துநாலு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பரிசுதான் தருகிறீர்கள் என்று வருடா வருடம் சண்டை பிடிப்பாள்." சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். "ஆனால் அப்பா பட்டணத்துக்குப் போகும்போதுதான் பிறப்பைப் பதிவார். பிந்தினால் தண்டம் கட்டவேண்டும் என்று வாயில் வந்த தேதியைச் சொல்லுவார். அக்காவுக்கு என்ன சொன்னாரோ."

அந்தச் சந்தேகத்தோடுதான் அவர் உள்ளே போனார். நான் வேலைக்குப் போனேன். பார்த்த வேலை ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மதியம் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். இன்னும் முடியவில்லை என்றார்கள். சாப்பிடப் பிடிக்காமல் கணினியில் மின்னஞ்சலைத் திறந்தேன். அமெரிக்காவிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள். என் குறிப்பைப் பார்த்தாளாம்.

'நீங்கள் தேடுவது என் அம்மாவை. கல்யாணத்தில் பெயர் மாறிவிட்டது. நத்தாருக்கு முதல்நாள் பிறந்தநாள். தம்பியின் இடது காது மடலில் வாத்து கொத்தின அடையாளம் இன்னும் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொல்கிறா.'

அந்தக் காதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேலையிடத்து மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஆறுதலில் அல்ல, பயத்தில். இங்கே அக்கா கிடைத்துவிட்டா. அங்கே மேசையில் கிடக்கும் தம்பி எழும்பாவிட்டால் அவவுக்கு நான் என்ன எழுதுவது? மாலையில் தாதி ஒருவர், "முடிந்துவிட்டது, தாங்கிக்கொண்டார்" என்று சொல்லும்வரை நான் அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதவில்லை.

அவர் தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகு, ஊருக்குக் கதைக்க வாங்கி வைத்திருந்த தொலைபேசி அட்டை ஒன்றைக் கொண்டுபோய், கைத்தொலைபேசியில் எண்களை அழுத்தி அவர் கையில் கொடுத்தேன். மறுமுனையில் அக்கா எடுத்தா. பிறகு அவர் பேசத் தொடங்கினார், ஆங்கிலத்தில் அல்ல. நான் ஒருநாளும் அவர் வாயில் கேட்டிராத ஐரிஷ் மொழியில், தடுமாறித் தடுமாறி, பிறகு ஆறு மாதிரி. பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாய்பார்த்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் திட்டு வாங்குகிற தம்பியின் முகம் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

இன்றைக்கும் இறந்தோர் பட்டியல் ஏதாவதில் தெரிந்த ஒரு பெயரைக் கண்டால் எனக்குக் கை குளிர்கிறது. ஆனால், அந்த ஆளைத் தெரிந்த ஒருவரிடம் கேட்காமல், அந்தப் பெயருக்காக அழ மாட்டேன் என்று மட்டும் பழகிக்கொண்டேன்.