வாழைப்பழத்தோல் வாளியில் ஒரு புது ஈ

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வண்ணத்துப்பூச்சிகள் மேல்தான் ஆசை. ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். வண்டுக்கும் ஒருவர் இருந்தார். ஆளில்லாமல் கிடந்தது ஈ மட்டும்தான். சரி என்று வாங்கிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்ட அம்மா, "வெளியில யாராவது கேட்டா பூச்சின்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாள்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது அவளுக்கு ஈயை விட்டால் வேறு பேச்சு கிடையாது. அதிலும் மலர் ஈ என்றால் உயிர். தேனீ மாதிரி மஞ்சளும் கறுப்புமாக உடுத்திக்கொண்டு, கொடுக்கே இல்லாமல் ஊரை மிரட்டிவிட்டு, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்குமே, அந்த ஈ. குடியிருப்பில் அவளுக்கு 'ஈயக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஒரே ஒரு குறை. வண்டுக்காரர் அடிக்கடி ஏதாவது புது இனத்தைக் கண்டுபிடித்து, பெயர் வைத்து, எல்லாருக்கும் இனிப்பு கொடுப்பார். ஈயக்கா இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுத் தன் மேசைக்குத் திரும்புவாள். இத்தனை வருஷத்தில் அவள் பெயர் வைத்த புது இனம் ஒன்றுகூட இல்லை.

அவள் கணவருக்குத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. கூட்டம் அலைமோதும் கடை என்று சொல்ல முடியாது. மேல்மாடியில் அவருடைய அக்கா இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு முழுக்க பினாயில் மணக்கும். செருப்பை வாசலில் கோணலாக விட்டால்கூடக் கூப்பிட்டுச் சொல்வார். தம்பி குடும்பத்தைப் பற்றி அவர் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: "வீட்ல ஒருத்தி ஈ பிடிக்கிறா. கடையில ஒருத்தன் ஈ ஓட்டுறான்."

நாத்தனாரின் பால்கனியில் பூக்கும் ரோஜாக்கள் அந்தத் தெருவுக்கே பிரசித்தம். கீழ்வீட்டுக்காரர்கள் அதே செடியை வாங்கி, அதே மண்ணைப் போட்டு வைத்தாலும் இலைதான் வரும். என்ன உரம் என்று கேட்டால், "உரமா? எல்லாம் கைராசி" என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு மேலே போயிருந்தார்கள். நாத்தனார் பேப்பரைச் சுருட்டி ஒரு ரோஜாவை நோக்கி ஓங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அடிக்காதீங்க!"

போட்ட சத்தத்தில் கணவர் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஈயக்கா மேசையிலிருந்த டம்ளரை எடுத்து ரோஜாவின் மேல் மெல்லக் கவிழ்த்தாள். உள்ளே ஒரு மலர் ஈ. முகத்தில் இருக்கவேண்டிய கறுப்புக் கோடு அதற்கு இல்லை. பின்னங்காலில் ஒரு சின்னப் பல் துருத்திக்கொண்டிருந்தது.

"என் டம்ளரைக் கழுவாம திருப்பிக் குடுக்கக் கூடாது" என்றார் நாத்தனார்.

மறுநாள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். இருக்கிற புத்தகங்களையெல்லாம் புரட்டினாள். எதிலும் அப்படி ஒரு ஈ இல்லை. ஈக்களைப் பற்றிக் கரைத்துக் குடித்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினாள். பதில் ஒரே வரியில் வந்தது: "அழகான பெண். ஆண் எங்கே?"

நியாயமான கேள்வி. ஆணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்காமல் இந்த வகை ஈக்களைப் புது இனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே அவள் விடுமுறை நாளெல்லாம் வலையும் கையுமாக நாத்தனாரின் பால்கனியில் போய் நின்றாள். ஆண் வரவில்லை. ஒருநாள் காலையில் இன்னொரு பெண் ஈ வந்தது. பூவைச் சீண்டாமல் நேராகத் தொட்டிகளுக்குப் பின்னால் போனது. ஈயக்கா முட்டி போட்டு எட்டிப் பார்த்தாள். அங்கே மூடி விலகிய ஒரு வாளி. உள்ளே பழுப்புத் தண்ணீர், அழுகிய வாழைப்பழத்தோல், குடலைப் புரட்டும் நாற்றம். தண்ணீரில் வால் மாதிரி நீண்ட மூச்சுக்குழாயை மேலே நீட்டிக்கொண்டு புழுக்கள் நெளிந்தன.

"அண்ணி! இங்கதான் பொறக்குது!"

நாத்தனார் ஓடிவந்தார். வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"அது... ரோஜாவுக்கு."

"அப்போ கைராசி?"

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்ல கேட்கும்."

ஈயக்கா ஒரு ஜாடியில் கொஞ்சம் தண்ணீரும் புழுக்களும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அது நல்லதாகப் போயிற்று. மறுநாள் அவள் மேலே போனபோது வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பால்கனி முழுக்க பினாயில்.

"புழுவைப் பார்த்தேனா, கை சும்மா இருக்கலைம்மா. அத்தனை வருஷ பழக்கம்" என்றார் நாத்தனார். ஈயக்காவுக்கு அழுகை முட்டியது. விறுவிறுவென்று இறங்கி வந்து ஜாடியைப் பார்த்தாள்.

மிச்சம் ஜாடி ஒன்றுதான். அருங்காட்சியகத்துக்குள் உயிருள்ள பூச்சிக்கு அனுமதி இல்லை. பாடம் செய்து வைத்திருப்பவற்றைத் தின்றுவிடும் என்ற பயம். வீட்டில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். நல்ல வெளிச்சம் இருந்த இடம் கடைதான்.

"கடையிலயா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் கணவர்.

"யாருங்க வர்றாங்க?"

ஜாடி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கடை ஜன்னலோரம் குடியேறியது. பக்கத்தில் மணல் வைத்தாள். புழுக்கள் வளர்ந்து, மணலுக்குள் போய்க் கூடாக இறுகின. கணவர் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைப் பார்த்தார். "ஒருத்தன் கறுத்துட்டான். இன்னிக்கோ நாளைக்கோ" என்று போனில் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அவள் வேலையில் இருந்தபோது அந்த போன் வந்தது.

"பெட்டியைத் தொறந்தேன், வெளிய வந்துடுச்சு. கடையைச் சாத்திட்டேன். ஓடிவா!"

அவள் வலையை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். கதவை ஒருக்களித்துத் திறந்து உள்ளே நுழைந்தால், கடைக்குள் கணவரோடு தபால்காரரும் அடைபட்டிருந்தார். கண்ணாடியின் கம்பி உடைந்ததென்று சரிசெய்யக் கொடுத்தவர். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. ஆனால் காது பிரமாதம்.

"இப்ப எனக்கு வலது பக்கம் போகுதும்மா. மேல, மேல. நின்னுடுச்சு!"

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால், தன் உருவத்தையே முறைத்தபடி, ஈ அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஈயக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வலையை வீசினாள். பிறகு லென்ஸை எடுத்துப் பார்த்தாள்.

"ஆண்! ஆண்தாங்க! பாருங்க, ரெண்டு கண்ணும் உச்சியில ஒட்டியிருக்கு. பெண்ணுக்கு இடைவெளி இருக்கும்."

கணவர் லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு நம்ம கண்ணாடி நிக்காதே" என்றார் கவலையாக.

தபால்காரர்தான் முதலில் சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. அந்த வாரத்தில் மற்றக் கூடுகளிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக ஈக்கள் வெளிவந்தன. நாத்தனார் பெட்டியைப் பார்க்கவே கடைக்கு வந்தார். "இதைத்தான் பினாயில் ஊத்திக் கொன்னேனா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய் வாளியில் புதிதாகத் தோல் ஊறப்போட்டார்.

அதற்குப் பிறகு எழுத்து வேலை. ரோமம் ரோமமாக, கணு கணுவாக விவரிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டுவாள்: "முகம் மஞ்சள். கோடு கிடையாது. கண்களில் அடர்ந்த பழுப்பு ரோமம். பின்தொடையின் அடியில் ஒரு பல்."

"காணாமப்போன ஆளோட அடையாளம் மாதிரி இருக்கு."

"காணாமப்போனதுதாங்க. இப்பதான் கிடைச்சிருக்கு."

படத்தையும் அவளே வரைந்தாள். அதைப் பார்த்த வண்டுக்காரர், "அப்படியே ஈயடிச்சான் காப்பி!" என்றார். வேறு யாரிடம் சொன்னாலும் அது கேலி. அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

சிக்கல் கடைசியில் வந்தது. ஈ பிறந்த இடத்தை எழுதியாக வேண்டும்.

"அழுக்குத் தண்ணின்னா எழுதப்போறே? உலகமே படிக்குமே! ஆஸ்பத்திரியில என்கூட வேலை செஞ்சவங்க என்ன சொல்வாங்க?" என்றார் நாத்தனார்.

"பொய் எழுத முடியாது, அண்ணி."

"பொய் வேணாம். கொஞ்சம் மரியாதையா எழுது."

ஒரு மாலை முழுக்கப் பேசி, 'ரோஜாச் செடிகளுக்காக வாழைப்பழத்தோல் ஊறவைத்த நீர்' என்று முடிவாயிற்று. அது உண்மை; மரியாதையும்கூட. பிறகு பெயர். கணவர் தன் கடையின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. ஈயக்கா லத்தீனில் 'செவிலி' என்று பொருள்படும் சொல்லைத் தேர்ந்தெடுத்தாள்.

"என்னையா சொல்றே?" நாத்தனார் நிமிர்ந்தார். "அந்த ஈ எப்படி? கடிக்குமா?"

"கடிக்காது. பார்க்கத்தான் பயமா இருக்கும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார். "சரி, வை" என்றார் நாத்தனார். அப்புறம் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

கட்டுரை அச்சாகி வந்ததும் வெளிநாட்டுப் பெரியவர் மறுபடி ஒரு வரி அனுப்பினார்: "தம்பதிக்கு வாழ்த்துகள்." இந்த முறை அருங்காட்சியகத்தில் இனிப்பு கொடுத்தது ஈயக்கா. வண்டுக்காரர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

ரோஜா ரகசியம் இப்போது ரகசியம் இல்லை. குடியிருப்பில் பால்கனிக்கு ஒரு வாளி. யார் வீட்டில் ஈ வந்தது என்று நாத்தனார் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போய் விசாரிப்பார். போதாக்குறைக்குத் தீப்பெட்டியில் பூச்சியைப் போட்டு எடுத்துக்கொண்டு ஆட்கள் ஈயக்காவின் கதவைத் தட்டுகிறார்கள். போன வாரம் கீழ்வீட்டு அம்மா வந்தார். ஈயக்கா தீப்பெட்டியை ஜன்னலருகே கொண்டுபோய், லென்ஸை வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சாதாரண வீட்டு ஈம்மா."

"இதுக்கும் ஏற்கெனவே பேர் வெச்சுட்டாங்களா?"

"வெச்சுட்டாங்க."

கீழ்வீட்டு அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஈயக்காவுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொல்லி, லென்ஸை அவர் கையில் கொடுத்தாள். "அந்தக் கண்ணைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். அந்த அம்மா பார்த்தார். கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.